பதினொன்றே கால் அடி

கட்டில் தலைமாட்டிலிருந்து எதிர்ச்சுவர் வரை
பதினொன்றே கால் அடி.
வாய்க்கால் அளக்கிற ஆபீஸ் டேப்பால் அளந்தேன்,
நுனியில் இன்னும் சேறு.
அதற்குள் அடங்க வேண்டும்
நூறு அங்குலப் படமும்
எங்கள் இரண்டு பேர் பிடிவாதமும்.

நான் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே
மூன்று கண் ரெகுலேட்டரில்
ஷட்டர் ஏற்றி இறக்குகிறவன்.
தமயந்தி திருவாரூர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு,
மாதத்தில் பாதி இரவு அங்கேதான்.
அவள் இல்லாத ராத்திரியில் எனக்குப் படம்.
நான் இல்லாத பகலில் அவளுக்குக் கார் ரேஸ்.
டூட்டி முடிந்து, குளித்து,
யாரையாவது நாலு பேரை முந்தாவிட்டால்
கண் மூடாதாம்.

எனவே அவள் லூமென்ஸ் கேட்டாள்.
காலை ஒன்பது மணி ஆனி வெயில்
கிழக்கு ஜன்னல் திரைச்சீலையை மதிக்காது,
அதோடு மல்லுக்கட்டுகிற விளக்கு வேண்டும்.
நான் கறுப்பு கேட்டேன்.
கும்பகோணம் கடைப் பையன் சிரித்துவிட்டான்.
"கறுப்பை எந்த மிஷினும் அடிக்காது சார்,
அந்த இடத்துல வெளிச்சம் போடாம விடும்.
மிச்சம் உங்க சுவரோட நிறம்."

குடவாசல் தாண்டும்வரை பஸ்ஸில் அதே நினைப்பு.
எங்கள் சுவர் கிளிப்பச்சை.
கொலைகாரன் ஒளிகிற இருட்டெல்லாம்
இனிக் கிளிப்பச்சையாக இருக்கும்.

அப்புறம் அந்த மூன்றாவது எண்:
பொத்தானை அழுத்தியபின்
சுவரில் கார் திரும்ப ஆகும் நேரம்.
ஒன்றில் நாற்பது மில்லிசெகண்ட்,
இன்னொன்றில் பதினாறு, ஏழாயிரம் கூடுதல்.
இமைக்கிற நேரம்கூட இல்லையே,
அதற்கா ஏழாயிரம் என்றேன்.
"மேட்டூர்ல தொறந்தாச்சுன்னு
டிவியில பூத் தூவுறாங்க.
உன் மூணு கண்ணுக்கு எப்ப வருது?"

பதினைந்து நாள். முறை வைத்தால் இன்னும் தள்ளும்.
நாற்றங்கால் காய்கிறவன் வந்து
என் வம்சத்தையே ஏசிவிட்டுப் போவான்.
திருகுசக்கரத்தைப் பிடித்தபடி நிற்பேன்,
என் கை திறந்துதான் இருக்கும்,
ஆற்றுக்குத்தான் சேதி வந்திருக்காது.

பதினாறையே வாங்கினோம்,
பண்டிகை முன்பணம் போக மீதி கடன்.

சாம்பல் நிறம் என்றதும்
பெயின்டர் செபஸ்தியான் உருளையைக் கீழே வைத்தான்.
படுக்கை அறைக்கா?
ஒரு சுவருக்கு மட்டும் என்றேன்.
எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து
"பூச்சு வேலை பாதியில நின்னுடுச்சா தம்பி,
காசு வேணுமா?" என்றார்.

குறுவை அறுப்பு மிஷின் கிளப்பிய சுணை
ஒரு வாரத்தில் வடிகட்டியை அடைத்தது.
ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம்
ஜன்னலை மூட மறந்தேன்.
ஈசல்.
வெளிச்சம் முழுக்க ஈசல்,
ஒவ்வொன்றின் நிழலும் காக்கை அளவு.
கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள்,
அவள் கன்னத்தில் நின்று
ஒரு பல்லி நிதானமாகச் சாப்பிட்டது.
அந்தப் படத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது
அந்தப் பல்லிதான்.

நேற்று அவளுக்கு ஓய்வு, எனக்கும் லீவு.
வாங்கிய நாலு மாதத்தில்
இருவரும் ஒரே நேரம் அந்த அறையில்.
ஒரே ஒரு ரேஸ், அப்புறம் உன் படம் என்றாள்.
இரண்டாவது வளைவில் தூங்கிப்போனாள்.
"இன்னும் கொஞ்சம், அவ்ளோதான், இன்னும் கொஞ்சம்"
என்று வார்டில் யாரிடமோ சொன்னாள்.
சுவரில் அவள் கார் நின்றுவிட்டது,
மற்றவை ஒவ்வொன்றாய்க் கடந்து போயின.

அணைத்துவிட்டு என் படத்தைப் போட்டிருக்கலாம்.
விரல் விரலாகக் கண்ட்ரோலரை விடுவித்தேன்.
எனக்கு ஓட்டத் தெரியாது.
ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன்.
அழுத்தின அந்தக் கணமே
எகிறியது கார்,
சாலையை விட்டு
யாருடைய வயலுக்குள்ளோ.